இடியன் துவக்கும் அதன் குறியும்



வன்னியிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'இடியன்' என்னுஞ் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பட்டணத்து நேயர்களின் பொருட்டு ஒரு வார்த்தை கூறி மேலே செல்கின்றேன். குழலின் வாய்வழியே முதலில் மருந்தையும், பின் அடைப்பையும், அதன்மேற் குண்டையோ சன்னத்தையோ இட்டு, நீண்டதொரு கோலினால் இடித்து இறுக்கியபின் வெடிக்க வைக்கும் துவக்கே இடியன் துவக்கு. இடித்து நிரப்பப்படுவதனால் இடியன் என்று பெயராயிற்று. தோட்டாவைப் பின்புறத்தே செருகிச் சுடும் துவக்குகள் வருமுன்னர் உலகெங்கும் வழங்கிய துவக்குகளுட் பெரும்பாலானவை இவ்வினத்தனவே. கண்டி இராச்சியத்துக் கம்மியர் செய்த துவக்குகளும் இவ்வாறே நிரப்பப்பட்டவை. நெதர்லாந்து நாட்டின் ரைக்ஸ் அரும்பொருளகம் 2023ஆம் ஆண்டில் நமக்குத் திருப்பித் தந்த பொருள்களிலே, பெயர்பெற்ற அந்தச் சிறு பீரங்கியோடு அத்தகைய துவக்குகள் இரண்டும் இருந்தன.

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, 1979ஆம் ஆண்டிலே, பாடசாலை விடுமுறையைக் கழிப்பதற்குப் பெரியப்பாவின் கமத்துக்குச் சென்றிருந்தேன். குடலை பருவத்து நெல்லுக்குள் இராக்காலத்தில் பன்றிகள் இறங்குவதுண்டு. பெரியப்பா பரணிலே இடியனோடு காவல் இருப்பார். அத்துவக்கிற்குக் குறி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. குழல் முனையிலே பித்தளைப் பொட்டொன்று மாத்திரம் இருந்தது. ஓரிரவு, டோர்ச் வெளிச்சத்தின் ஓரத்திலே நின்ற பன்றியொன்றுக்கு அவர் வெடி வைத்தார். அது விழவில்லை. உறுமியபடி பற்றைக்குள் ஓடி மறைந்தது. விடியும்வரை அதன் முனகல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் இரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு நண்பகல்வரை தேடியும் காணவில்லை. மூன்றாம் நாள் காகங்கள் கரைந்து இடத்தைக் காட்டின. பெரியப்பா அன்று இரவு சோறு உண்ணவில்லை. "துவக்கிலே பிழையில்லையடா தம்பி, தூரத்தை நான்தான் பிழையாக மதித்துவிட்டேன்" என்று மாத்திரம் சொன்னார்.

அச்சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்குவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அது விளங்கியது வன்னியிலன்று; பனி மூடிய பென்சில்வேனியாவிலே.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுதல் நன்று. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி எத்தகைய துவக்கையும் வைத்திருத்தல் குற்றமாகும். இடியனும் அதற்கு விலக்கன்று. மான், மரை முதலியவற்றைக் கொல்வதை 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆகவே, வேட்டைக்கு வழிகாட்டுதல் என் நோக்கமன்று. பழைய துவக்கொன்றை இன்றும் விரும்பிக் கையில் எடுக்கும் ஒரு நாட்டார், அதனை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றனர், எவ்வாறு அதன் குறியைச் சரிசெய்கின்றனர் என்பதையே இன்று விளக்க விழைகின்றேன்.

2018ஆம் ஆண்டின் இறுதியிலே, என் தங்கையின் குடும்பத்தாரைக் காண ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். சரித்திர ஆசிரியனாகிய எனக்கு அம்மாநிலம் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜேர்மனியிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் அங்கே குடியேறிய கம்மியர், லங்காஸ்டர் முதலிய பகுதிகளில் உலைக்களம் அமைத்து, தம் தாயகத்துக் குறுந்துவக்கை நீட்டி, வாயை ஒடுக்கி, உலகம் புகழும் நெடுங்குழல் றைபிள்களைச் செய்தனர். அவற்றின் குழல் மட்டுமே மூன்றரை அடிக்கு மேல் நீளும். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோட்டாத் துவக்குகள் பெருகின. காடுகளும் அழிந்தன, கட்டுப்பாடற்ற வேட்டையினால் அம்மாநிலத்தின் வெண்வால் மான் இனமும் அருகிப்போயிற்று. அதனைக் காக்க 1895ஆம் ஆண்டில் ஓர் அரச ஆணைக்குழு நிறுவப்பட்டது. வேறு மாநிலங்களிலிருந்து மான்கள் கொணர்ந்து விடப்பட்டன. வேட்டைக்குப் பருவமும் தொகையும் வரையறுக்கப்பட்டன. மானினம் மீண்டும் பெருகியது.

இதற்கிடையே, பழைய துவக்குக் கலை மறைந்துவிடாதிருக்க 1933ஆம் ஆண்டிலே ஆர்வலர் சிலர் தேசியச் சங்கமொன்றைத் தொடங்கினர். பின்னர் 1974ஆம் ஆண்டில் பென்சில்வேனியா அரசு சக்கிமுக்கிக் கல் துவக்கிற்கென்றே தனியான மான் வேட்டைப் பருவமொன்றை வகுத்தது. நத்தார் மறுநாள் தொடங்கும் அப்பருவத்திலே, குறித்த அளவுக்குக் குறையாத வாயையுடைய கல் துவக்கன்றி வேறு துவக்கு உதவாது. பிற மாநிலங்கள் பலவற்றில், வாய்வழி நிரப்பினும் மற்றெல்லா வகையிலும் புதுத் துவக்கையே ஒத்தனவும் தொலைநோக்கி பூட்டியனவுமான கருவிகள் வழங்குகின்றன. அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வெறுங்கண்ணால் நோக்கும் திறந்த குறிகளையுடைய பழைய வகையே என் பொருள்.

என் மைத்துனரின் அயல்வீட்டார் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், அறுபது வயதைக் கடந்தவர், இத்துவக்கில் ஈடுபாடு மிக்கவர். இரண்டு நாள்கள் அவரருகிலே நின்று யாவற்றையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான் கூறப்போவனவற்றுட் பல அவர் காட்டியவை.

முதலிலே தெரிவு. இத்துவக்கு தீப்பற்றும் முறையில் இருவகைப்படும். கல் துவக்கிலே, விசையை இழுத்தவுடன் குதிரை முன்பாய்ந்து, அதன் வாயிற் கௌவிய கல் எஃகுத் தகட்டைத் தேய்க்கும்; பொறி கிண்ணியிலுள்ள நுண்மருந்திற் பட்டு, பக்கத்துளை வழியே உட்சென்று குழல் மருந்தைக் கொளுத்தும். மற்றதிலே, செப்புத் தொப்பி ஒன்றினுள் ஒட்டிய வெடிப்பொருளைக் குதிரை தட்டும். கிண்ணியும் இல்லை, பொறியும் இல்லை. இரண்டாவதற்கு வழிகோலியவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சித் என்பவர். கிண்ணியிலே தீ மின்னியதைக் கண்டவுடன் பறவைகள் தப்பிப் பறந்துவிட்டமையாலேயே அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார் என்பர். 1807இல் அவருக்கு உரிமைப்பத்திரம் கிடைத்தது. ஒரு பாதிரியாருக்கு இத்துணைப் பொறுமையின்மை இருந்தது வியப்பே!

தொப்பித் துவக்கு ஈரத்தை ஓரளவு தாங்கும். விசைக்கும் வெடிக்கும் இடையே தாமதம் குறைவு. கல் துவக்கிலோ கிண்ணி மின்னுவது கண்முன்னே தெரியும். அதன்பின்னரே குழல் வெடிக்கும். அந்தக் கண்ணிமைப்பொழுதில் முகத்தைச் சுளித்தாலும் தோளை அசைத்தாலும் குண்டு வழிதவறிவிடும். ஆதலால், புதிதாகப் பழகுபவர் தொப்பித் துவக்கிலே தொடங்குதல் நன்று என்பது அம்முதியவரின் கருத்து. ஆயினும், சட்டம் கல் துவக்கையே கேட்கும் இடத்தில் வேறு வழியில்லை. அவ்வாறாயின், பொறி நன்கு பறக்கிறதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். மருந்திடாது இருட்டறையிலே குதிரையை விட்டுப் பார்த்தால், பொறிகள் கிண்ணியினுள்ளே சொரிதல் வேண்டும். பக்கத்திலே சிதறுமாயின், மற்றைய அழகுகள் எத்துணை இருந்தாலும் அத்துவக்கு பயனற்றது.

அடுத்தது வாயின் அகலம். இங்கே சிறிது கணக்கு வேண்டும். உருண்டைக் குண்டின் எடை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப ஏறும். 0.44 அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு ஏறத்தாழ 8.3 கிராம் நிறை, 0.49 அங்குலக் குண்டு 11.5 கிராம், 0.53 அங்குலக் குண்டு 14.5 கிராம். விட்டம் ஐந்திலொரு பங்கு கூடும்போது எடை முக்காற் பங்கு கூடிவிடுகின்றது! மான் வேட்டைக்கு அரை அங்குல வாயையே பலர் தெரிகின்றனர். அதற்கு 0.49 அங்குலக் குண்டைத் துணித்துண்டொன்றிற் சுற்றி இடுவர். குண்டுக்கும் குழலுக்கும் இடையேயுள்ள வெளியை அத்துணி நிரப்பும். குழலின் உட்பள்ளங்களைப் பற்றிக் குண்டைச் சுழலவைப்பதும் அதுவே.

வாங்குவோர் பலர் கவனியாது விடுவது இவ்வுட்பள்ளத்தின் முறுக்கு. உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்குப் போதும். அறுபத்தாறு அல்லது எழுபத்திரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கு. நீண்ட கூம்புக் குண்டுக்கு விரைந்த முறுக்கு வேண்டும். இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றவாறு. ஒன்றிற்குரிய குழலில் மற்றதைச் சுட்டுவிட்டு, குறி சரியில்லை என்று குறியை மாற்றி மாற்றி ஓயாது உழல்வோர் உண்டு. நாற்பத்தெட்டு அங்குல முறுக்கு இரண்டிற்கும் இடைப்பட்டது. இரண்டையும் ஓரளவு ஏற்கும்.

பிடங்கு தோளிலே பொருந்துவது மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பிடங்கிற் சாய்த்து, பின்பு கண்ணைத் திறக்க வேண்டும். குறிகள் கண்ணுக்கு நேரே நிற்குமாயின் துவக்கு உமக்குரியது. கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட நேர்ந்தால், அது வேறொருவருக்கென்று செய்யப்பட்டது. பழைய துவக்கை வாங்குவதானால், குழலின் உட்புறத்தைத் துருவுக்காகச் சோதித்தல் வேண்டும். அறிந்த கம்மியர் ஒருவர் பார்க்காமுன் அதில் மருந்திடலாகாது. உள்ளே பழைய நிரப்பு அப்படியே கிடக்கவுங்கூடும். கோலை உள்ளே விட்டு அதன் நீளத்தை வெளியே வைத்து ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

மருந்தைப் பற்றி ஓரிரு சொற்கள். இவை உயிரோடு தொடர்புடையன. இத்துவக்கிற்குரியது கரிமருந்து அல்லது அதற்கு ஈடாக இதற்கென்றே செய்யப்பட்ட மருந்து மட்டுமே. தோட்டாக்களிலுள்ள புகையில்லா மருந்தைச் சிறிதளவு இட்டாலும் குழல் பிளந்து, சுடுபவரின் கையையும் முகத்தையும் சிதைத்துவிடும். அரை அங்குல வாய்க்கு 70 முதல் 90 கிறெயின் வரை, அதாவது ஏறத்தாழ நாலரை முதல் ஆறு கிராம் வரை, மருந்திடுவது வேட்டை வழக்கு. எனினும், செய்தவர் குறித்த மேலெல்லையைக் கடத்தலாகாது. மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றுவதும் தகாது. உள்ளே கனல் ஒன்று எஞ்சியிருப்பின் கொம்பு முழுவதும் கையிலே வெடிக்கும். அளவுகோப்பையிலே முதலில் எடுத்து, அதிலிருந்தே குழலில் இடல் வேண்டும். குண்டு மருந்தின்மேற் படிய இறங்கியிருத்தலும் இன்றியமையாதது. இடைவெளி விடின் குழல் வெடிக்கக்கூடும். அதனால் அம்முதியவர் தம் கோலிலே கோடொன்று வெட்டியிருந்தார். சரியாக நிரப்பினால் அக்கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்கும். ஒவ்வொரு முறையும் அவர் கண் முதலிற் செல்வது அக்கோட்டின் மேலேதான். விசையிழுத்தும் வெடிக்காவிடின், குழலை இலக்கின் திசையிலிருந்து திருப்பாது ஒரு நிமிடம் காத்திருப்பார். உள்ளே தீ புகைந்துகொண்டிருக்கக்கூடும் அன்றோ?

இனிக் குறிக்கு வருவோம். குழல் முனையிலே மெல்லிய தகடாக எழுந்து நிற்பது முற்குறி. கண்ணுக்கு அண்மையிலே, நடுவில் வெட்டுடைய தகடு பிற்குறி. பிற்குறியின் வெட்டினுள்ளே முற்குறி நடுவாக நிற்க வேண்டும். இருபுறமும் ஒத்த அளவு ஒளி தெரிய வேண்டும். இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால், பிற்குறி, முற்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரங்களில் உள்ளன. மூன்றையும் ஒரே கணத்தில் தெளிவாகக் காணும் ஆற்றலை இறைவன் மனிதக் கண்ணுக்குத் தரவில்லை. எதனைத் தெளிவாகக் காண்பது? மானைத்தான் என்று நம் உள்ளம் சொல்லும். அது பிழை. தெளிவு முற்குறிக்கு உரியது; இலக்கு சற்று மங்கலாகவே தெரிய வேண்டும். ஐம்பதைக் கடந்த என் போன்றோருக்குப் பிற்குறி பஞ்சுபோல் மங்கித் தெரியும். அதனைக் குழலின்மேற் சில அங்குலம் முன்தள்ளி அமைத்தால் தெளிவு கூடும் என்று அம்முதியவர் காட்டினார். தம் துவக்கிலே அவர் அவ்வாறே செய்திருந்தார்.

ஒளியும் ஏமாற்றும். மினுங்கும் முற்குறியின் வலப்பக்கத்தில் வெயில் பட்டால், ஒளிர்ந்த அப்பக்கத்தையே முழுக்குறி எனக் கண் கொண்டுவிடும். அதனை வெட்டின் நடுவே வைக்கும்போது குழல் முனை இடப்புறம் சாயும். குண்டும் இடப்புறமே செல்லும். மெழுகுவர்த்திச் சுடரிலே குறியைக் காட்டிக் கரிபிடிக்க வைப்பது இதற்கு எளிய மருந்து.

குறியைச் சரிசெய்வது உறுதியான மேசையிலே, மணற்பைகளின்மேல் துவக்கைத் தாங்கவைத்து. மணற்பை இருக்க வேண்டியது முற்கட்டையின் கீழே. வெறுங் குழலை அதன்மேற் சாய்த்தால் அது துள்ளி, குண்டு வேறிடம் செல்லும். முதலில் 25 கெசத் தூரத்திலே பெரிய தாளொன்றைக் கட்டிச் சுடுவர். குண்டு தாளிலே எங்கேனும் பட்டால் அவ்வளவில் மகிழ்ச்சி. பின்னர் 50 கெசத்துக்குச் செல்வர். ஒரு குண்டைக் கொண்டு எதையும் முடிவுசெய்தலாகாது. மூன்று குண்டுகள் சுட்டு, அம்மூன்றின் நடுவிடத்தைக் கொள்ள வேண்டும். மருந்தின் அளவு, துணியின் தடிப்பு, குண்டின் விட்டம் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றும்போது மற்றவற்றைத் தொடலாகாது. இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் எதனால் வந்தது, குற்றம் எதனால் வந்தது என்று அறிய வழியில்லை. மூன்று குண்டுகளும் ஒன்றையொன்று அணுகி விழும் வரை குறியைத் தொடவே கூடாது. சிதறிச் சுடும் துவக்கின் குறியைத் திருத்துவது, ஓடும் ஆற்றிலே எல்லைக்கல் நாட்டுவதுபோலாம்.

குண்டுகள் நெருங்கி விழுந்தபின் விதி எளிது. குண்டு எத்திசையிற் செல்ல வேண்டுமோ அத்திசையிற் பிற்குறியை நகர்த்துக. முற்குறியையாயின் எதிர்த்திசையில் நகர்த்துக. குண்டு இடப்புறம் விழுந்தால் பிற்குறியை வலப்புறம் தட்ட வேண்டும். தட்டுவது பித்தளைக் கோலினால். இரும்பாயின் குறி சிதையும். குண்டு தாழ விழுந்தால் முற்குறியை அரத்தினால் அராவிக் குறைக்க வேண்டும். முற்குறி தாழ்ந்தால், அதனை மட்டத்துக்குக் கொணரக் குழல்முனையை நாம் உயர்த்த நேரும், குண்டும் உயரும். இதனாலேதான் நல்ல கம்மியர் முற்குறியை வேண்டுமென்றே உயரமாக விட்டுத் தருவர். அராவிய இரும்பை மீண்டும் வளர்க்க யாராலும் இயலாது.

எவ்வளவு அராவுவது? நம் பாடசாலைகளிலே கற்பிக்கும் இயல்பொத்த முக்கோணங்களே விடை தருகின்றன. இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 30 அங்குலம் என்க. 50 கெசம் என்பது 1800 அங்குலம். 1800ஐ 30ஆல் வகுக்க 60. ஆகவே இலக்கிலே ஓர் அங்குலம், குறியிலே அங்குலத்தின் அறுபதிலொரு பங்கு; அரை மில்லிமீற்றரிலும் குறைவு. மூன்று அங்குலம் தாழ விழுமாயின், முற்குறியில் அராவ வேண்டியது அங்குலத்தின் இருபதிலொரு பங்கு. அம்முதியவர் இதனை ஒரே தடவையில் அராவவில்லை. பாதியை அராவி மூன்று குண்டு சுட்டார், பிறகு கால்வாசி, பிறகு இரண்டு இழுப்பு. மாலையாகிவிட்டது. இக்கணக்கின் மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள்: சுடுபவர் கண் அதே அறுபதிலொரு பங்கு பிசகினாலும் இலக்கிலே ஓர் அங்குலம் பிசகும்.

ஒவ்வொரு குண்டுக்கும் பின்னர் ஈரத்துணியால் குழலைத் துடைப்பதைக் கண்டேன். கரிமருந்து எரிந்தபின் மிகுந்த அழுக்கை விடும். அழுக்கேறிய குழல் வேறொரு துவக்காகிவிடும். ஆயினும் துடைப்பதற்கு அவர் கூறிய காரணம் என் உள்ளத்திற் பதிந்தது. "மானுக்கு முன்னால் நான் சுடப்போவது தூய்மையான, குளிர்ந்த குழலினால் முதற்குண்டு ஒன்றை மாத்திரம். ஐந்தாவது குண்டு எங்கே படும் என்று அறிந்து எனக்கு என்ன பயன்?" என்றார். மறுநாட் காலை வந்து, ஒரே ஒரு குண்டு சுட்டு, தாளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளும் அவ்வாறே. அத்தாள்களில் நாள், தூரம், மருந்தளவு, காற்று யாவும் எழுதிப் பெட்டியொன்றில் அடுக்கியிருந்தார்.

இனி, என் பெரியப்பா கூறிய தூரத்துக்கு வருகின்றேன். உருண்டைக் குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது மிக விரைவுடையது. வினாடிக்கு 1800 அடி வரை செல்லும். ஆனால் அதன் வடிவம் காற்றைக் கிழிப்பதற்கு ஏற்றதன்று. நூறு கெசம் செல்வதற்குள் வேகத்திலே மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடுகின்றது. தாக்கும் வலிமையோ வேகத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே எஞ்சும். 50 கெசத்துக்குக் குறி சரிசெய்த துவக்கு 100 கெசத்தில் ஏறத்தாழ ஐந்து அங்குலம் தாழச் சுடும். வெண்வால் மானின் நெஞ்சுக்கூட்டிலே உடனே உயிர் போக்கும் இடம் சுமார் எட்டு அங்குல அகலமே. நெஞ்சின் நடுவைக் குறிவைத்தால், ஐந்து அங்குலத் தாழ்வு குண்டை அவ்விடத்துக்கு வெளியே, முன்காலிலோ நெஞ்சடியிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். மான் சாகாது, ஓடும். காட்டிலே தூரத்தை மதிப்பிடுவதும் எளிதன்று. மங்கிய ஒளியில் நிற்பது உள்ளதினும் தொலைவாகவும், வெட்டவெளியில் நிற்பது அண்மையாகவும் தோன்றும். பெரியப்பா டோர்ச் வெளிச்சத்திலே, குறியுமில்லாக் குழலினால், எத்துணைப் பெரிய ஐயத்தின்மேல் விசையை இழுத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அவரைக் குறை கூறுகின்றேனல்லேன். பயிரை இழந்தால் ஆண்டு முழுவதும் பட்டினி. தோட்டத்தைக் காக்க எய்த இடியன் குண்டினால் காலிலே சீழ்பிடித்து மாதக்கணக்கில் நொந்து மடியும் யானைகளை நம் நாட்டு மிருக வைத்தியர்கள் இன்றும் காண்கின்றனர்.

குறியைச் சரிசெய்து முடித்தபின் அம்முதியவர் செய்த கடைசிச் சோதனையை நான் எதிர்பார்க்கவில்லை. மேசையும் மணற்பையும் அகன்றன. ஆறு அங்குல அகலமுள்ள காகிதத் தட்டொன்றை இலக்காக வைத்தார். காட்டிலே நிற்பதுபோல நின்றும், முழந்தாளிட்டும், மரத்திற் சாய்ந்தும், ஒவ்வொரு குண்டுக்குமிடையே குழலைத் துடைத்துச் சுட்டார். 40 கெசத்தில் ஐந்து குண்டும் தட்டிற் பட்டன. 60 கெசத்திலும் ஐந்தும் பட்டன. 75 கெசத்தில் நான்கு பட்டன; ஒன்று விளிம்புக்கு வெளியே சென்றது. நான் நன்று நன்று என்று பாராட்டினேன். அவரோ துவக்கை இறக்கி வைத்து, தம் குறிப்புத் தாளிலே 60 என்று எழுதி அதன்கீழே இருமுறை கோடிட்டார். துவக்கு நூறு கெசம் கொல்லும் என்று விளம்பரத்தில் இருக்கலாம். அந்த ஆண்டுக்கு அவருடைய எல்லை அறுபது.

வேட்டை நாள் வந்தது. விடியுமுன்னே, துவக்கின் கிண்ணியை ஈரம் படாதவாறு தோலினாற் போர்த்திக்கொண்டு அவர் காட்டுக்குச் சென்றார். பொழுது சாயும்வேளை வெறுங்கையோடு மீண்டார். மானே தென்படவில்லையோ என்று கேட்டேன். தென்பட்டது என்றார். பெரிய கொம்பன், பத்து நிமிடம் அசையாமல் நின்றதாம். முன்னதாகவே காலால் அளந்து மரங்களிலே நாடா கட்டி வைத்திருந்தார். கடைசி நாடாவுக்கு அப்பால், தொண்ணூறு கெசமளவில் அது நின்றது. குறி நடுங்காமல் நின்றதாகவும், கை விசைமேல் இருந்ததாகவும் சொன்னார். பின்பு மான் தானாகவே திரும்பி நடந்து மரங்களுக்குள் மறைந்தது.

இடித்து நிரப்பிய துவக்கை வெறுமையாக்குவதற்கு எளிய வழி சுட்டுவிடுவதே. வீட்டின் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் அந்தக் குண்டைச் சுட்டார். வெண்புகை பனியின்மேல் மெல்லப் படர்ந்தது. பிறகு வாளியிலே வெந்நீர் எடுத்து, குழலுக்குள் ஊற்றி, கோலும் துணியுமாகத் தேய்க்கத் தொடங்கினார். அன்றே கழுவாவிடின் மறுநாள் துரு ஏறிவிடும் என்றார். முதல் நீர் கன்னங்கரேலென்று வந்தது; இரண்டாவது சாம்பல் நிறமாக வந்தது. ஐந்தாவது முறை ஊற்றிய நீர் தெளிந்து ஓடியபின்னரே அவர் குழலைத் துடைத்து எண்ணெய் பூசி, சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.